கூட்டுரோட்டில் நின்ற குடங்களும் என் ஞாயிற்றுக்கிழமை ஜெபமும்

மகனே, போன ஞாயிற்றுக்கிழமை நான் உன் மானத்தை வாங்கினதுக்கு முதலில் மன்னித்துக்கொள். உன்னை வாலிபர் ஊழியத்துக்கென்று பிரித்து அனுப்புகிற ஆராதனை. காஞ்சிபுரத்தில் அவ்வளவு பெரிய கோயில், வெள்ளை அங்கி போட்ட ஏழெட்டுப் போதகர்கள், கைக்குட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள். தகப்பனார் வந்து ஜெபிப்பார் என்று கூப்பிட்டார்கள். போனவன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்திருக்கலாம். என் கை தானாக மைக்கின் கழுத்தைப் பிடித்தது. கட்டைவிரல் சுவிட்சைத் தடவிப் பார்த்தது. ஆள்காட்டி விரல் இரண்டு தட்டுத் தட்டியது. வாய், "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றது. பாட்டுக்குழுவில் ஒரு பெண் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். இருபத்தைந்து வருஷமாய்க் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கூழ் ஊற்றுகிற திருவிழாவுக்கும் மைக் செட் கட்டிப் பிழைத்த வாய் அது. கோயிலுக்குள் வந்தால் மட்டும் திருந்திவிடுமா?

என் வெட்கத்தை மறைக்கத்தான் நீ மைக்கை வாங்கினாய், எனக்குத் தெரியும். எங்கப்பாவுக்கும் மைக்குக்கும் ஒரு பழைய கதை உண்டு என்று ஆரம்பித்து, அந்த அடிபம்புக் கதையைச் சொன்னாய். ஆண்டவரிடம் ரகசியமாய்ச் சொல்ல வேண்டியதை எங்கப்பா ஹாரனில் ஊருக்கே சொல்லிவிட்டார், சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார் என்றாய். கோயில் இன்னொரு தடவை சிரித்தது. அந்தக் காலத்தில் நம் காலனியில் ஊழியம் செய்த சாலமோன் பிரதரும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். உன் அம்மா மட்டும் மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தலைகீழாய் இருந்தது.

நீ சொன்ன கதையில் ஒரு இடம் தப்பு. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன். நீ ஊர் ஊராய்ப் போய்ப் பிள்ளைகளுக்குப் பேசப் போகிறாய், இந்தக் கதையை இன்னும் நூறு இடத்தில் சொல்வாய். பொய்யான ஒரு கதையால் அவர்கள் சிரிக்கக் கூடாது. இதில் ஒரு காப்பியை நம் சபை மாதப் பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறேன். உனக்குக் கோபம் வரலாம். ஆனால் ஹாரன் வைத்துச் செய்த தப்பைக் காதோடு காதாகத் திருத்தினால் அது திருத்தமாகாது. எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் பார்த்துக்கொள்வார்.

நான் அப்போது எப்படிப்பட்ட ஆள் என்று உனக்கு முழுசாய்த் தெரியாது. நீ பார்த்தது உன் உயரத்திலிருந்து. உத்திரமேரூர் சுற்று வட்டாரத்தில் ஒரு ஜோடி ஹாரனும், ஒரு ஆம்ப்ளிபயரும், லாரி பேட்டரி ஒன்றும் வைத்திருந்த ஒரே கிறிஸ்தவன் நான். என் பேர் யாருக்கும் தெரியாது, 'மைக்கு' என்றால் தெரியும். வாரமெல்லாம் ஊர்க்காரர்களுக்கு அம்மன் பாட்டுப் போடுவேன், சனிக்கிழமை சாயங்காலம் அதே ஹாரனை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சுவிசேஷம் சொல்லப் போவேன். நம் காலனி வாலிபர்கள் ஆறேழு பேர் டோலக்கும் ஜால்ராவும் எடுத்துக்கொண்டு பின்னால் வருவார்கள். எட்டு வயசிலிருந்து நீ பேட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். நான் பேசப் பேச உன் வாயும் கூடவே அசையும். அடுத்து நான் என்ன சொல்வேன் என்று உனக்கு மனப்பாடம். அந்த வாயசைவைப் பார்க்கத்தான் நான் பாதி நாள் பிரசங்கம் பண்ணினேன் என்று இன்றைக்கு எழுதினால் நம்புவாயா?

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது, நீயும் அறிவாய். பிரசங்கம் முடிந்ததும், ஜெபத்துக்கு முன்னால், மைக்கை அணைத்துவிடுவேன். பிரசங்கம் ஜனத்துக்கு, ஜெபம் ஆண்டவருக்கு, அவருக்குக் காது நன்றாய்க் கேட்கும் என்று சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதற்காகவே ஒவ்வொரு வாரமும் சொல்வேன். ஒரு தடவைகூட மறந்ததில்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஒரு சனிக்கிழமை மாகறலில் நின்று ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேசினோம். கிணற்றடியில் ஒரு பெண்ணும் ஆண்டவரும் பேசிக்கொண்ட கதை. நான் நன்றாய்ச் சொல்கிற கதை அது. அப்போது நாற்றுக்கட்டோடு போன ஒரு அம்மாள் நின்று கேட்டுவிட்டு, "ஏம்பா மைக்கு, எங்கெங்கியோ வந்து தண்ணி தண்ணின்றியே, உங்க காலனில குடிக்கத் தண்ணி கீதா?" என்றாள். கேலிகூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சத்தத்தைக் கூட்டி அடுத்த பாட்டைப் போட்டுவிட்டேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். நீ பின்னால் வந்தவன், "நைனா, அந்தம்மா கேட்டது நெசந்தானே?" என்றாய். அப்போது உனக்குப் பதினைந்து வயசு இருக்கும். நம் காலனிக் கிணறு மாசிக்கே வற்றிவிடும். உன் அம்மா இரண்டு வயல் தாண்டி ஊர்க்காரர் மோட்டார் கொட்டகைக்குப் போய், மோட்டார் ஓடுகிற நேரம் பார்த்து, கை நீட்டாமல் தள்ளி நின்று, அவர்கள் விட்டால் பிடித்துக்கொண்டு வருவாள். நீ கேட்டதுக்கு, பேட்டரியை நிமிர்த்திப் பிடி என்றேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து சாலமோன் பிரதர் வந்தார். போதகர் படிப்புக்கு முன்னால் ஒரு வருஷம் கிராமத்தில் வேலை செய்யவேண்டும் என்று சபை அனுப்பின வாலிபர். இருபத்துநாலு வயசு. முதல் கூட்டத்தில் நான் மைக்கை நீட்டினேன். வேண்டாங்கையா, கிட்டத்தில்தானே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அங்கேயே சுருக்கென்றது. மைக்கை வேண்டாம் என்கிறவன் என்னையே வேண்டாம் என்கிறதாகத்தான் எனக்குப் பட்டது. அவர் வசனம் வாசித்தார், விளக்கினார், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி விளக்கினார். பிறகு பெண்களைப் பார்த்து, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கேட்டார். வேறெதையோ பேசுவது போல இல்லை. வாசித்த வசனத்துக்கு அடுத்த வசனம் அதுதான் என்கிற மாதிரி கேட்டார். பெண்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து பதில் சொன்னார்கள். பதினெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணின உன் அம்மா, கூட்டத்தில் வாய் திறந்து பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

மறுவாரமே நீ பேட்டரியை விட்டுவிட்டாய். அவருடைய பைல் கட்டை எடுத்துக்கொண்டு யூனியன் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அவர் பின்னால் சைக்கிளில் போனாய். அவர் கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டுவார், கடிகாரமே இல்லாத நீ மணி பார்க்கிறபோது உள்கையைத் திருப்பிப் பார்த்தாய். அவர் சட்டைக்கையை முழங்கைக்கு மேலே இரண்டு மடிப்பு மடிப்பார், நீயும் மடித்தாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஒரு நாள் மடித்துப் பார்த்தேன். உன் அம்மா, "இன்னாய்யா, நாத்து நட போறியா?" என்றாள். இறக்கிவிட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. அதுவரை என்னை 'நைனா' என்றுதான் கூப்பிடுவாய். அவர் தன் தகப்பனாரைப் பற்றிப் பேசும்போது 'அப்பா' என்பார். நீயும் 'அப்பா' என்று மாற்றிக்கொண்டாய். மரியாதையான வார்த்தைதான். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தையால் என்னை நீ கூப்பிட்டது, யாரோ போட்டுக் கழற்றின சட்டையை எனக்குப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

பொறாமை என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பேன். நான் அதற்கு 'பாரம்' என்று பேர் வைத்திருந்தேன். நம் சபையில் அது ஒரு வசதி. வயிற்றெரிச்சல் என்று சொல்ல முடியாத எல்லாவற்றையும் 'எனக்கு ஒரு பாரம் இருக்கிறது' என்று சொல்லிக்கொள்ளலாம். மூப்பர்கள் கூட்டத்தில் எழுந்து, வாலிபர்கள் சுவிசேஷம் சொல்லி ஆத்தும ஆதாயம் பண்ணுகிறதை விட்டுவிட்டு மனு எழுதப் போய்விட்டார்கள், இப்படியே போனால் கோயில் கட்சி ஆபீசாகிவிடும், எனக்கு ரொம்பப் பாரமாய் இருக்கிறது என்றேன். இரண்டு மூன்று தலை ஆடியது. சாலமோன் பிரதர் மறுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை ஊழியத்துக்குப் பையன்கள் வராதது தப்புதான், இனிமேல் நானே கூட்டி வருகிறேன் என்றார். சொன்னபடி வந்தார். டோலக் அடித்தார். மாகறலில் என் பக்கத்தில் நின்று, என்னைவிட நன்றாய்ப் பேசினார். அவர் சுவிசேஷத்தை விட்டவராய் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாய் இருந்திருக்கும்! அந்த மனுஷன் இரண்டையும் ஒரே கையால் செய்தார். குறை சொல்ல இடம் கொடுக்காதவரைப் போல எரிச்சல் ஊட்டுகிறவர் உலகத்தில் வேறு யாரும் கிடையாது.

சித்திரையில் அந்தச் செய்தி வந்தது. நம் காலனி பேரில் ஒரு அடிபம்பு ஒதுக்கியிருக்கிறார்கள், துளை போடுகிற ரிக்கு வண்டி திங்கட்கிழமை காலையில் வருகிறது என்று நீங்கள் இரண்டு பேரும் ஆபீசில் நடையாய் நடந்து தெரிந்துகொண்டு வந்தீர்கள். காகிதத்தில் காலனி என்று போட்டிருந்தாலும், ஊர்ப் பிரசிடெண்ட் வண்டியைக் கூட்டுரோட்டிலேயே நிறுத்தி ஊர்க்குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு போக ஏற்பாடு செய்திருப்பதும் தெரிந்தது. காலனிக்கு விஷயமே தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் பிரதர் ஒரே ஒரு யோசனை சொன்னார். சண்டை வேண்டாம், கோஷம் வேண்டாம். விடிகிற நேரத்தில் வாலிபர்களும் பெண்களும் குடத்தோடு கூட்டுரோட்டில் போய் நிற்பது, உத்தரவின் காப்பியை வண்டிக்காரரிடம் காட்டி, அவரைக் காலனிக்குக் கூட்டிவருவது. முன்னாடி ஊருக்குத் தெரிந்தால் வண்டி வேறு வழியாய்ப் போய்விடும். ஆகவே அதுவரை யாரும் வெளியில் மூச்சுவிடக் கூடாது. எனக்கு இதைச் சொன்னது பிரதர்தான். என் பெண்டாட்டிக்குத் தெரியும், என் பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரிய இன்னொருத்தர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கமான கூட்டம். ஹாரன் இரண்டும் புளியமரத்தில் ஊரைப் பார்த்தபடி கட்டியிருந்தேன். நான் பேசினேன். பேசும்போது உன்னைத் தேடினேன். நீ கடைசி வரிசையில் பிரதரோடு உட்கார்ந்து, அவர் காதில் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாய், அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். உன் வாய் அசைந்தது. என் பிரசங்கத்துக்கு அல்ல. பிரசங்கம் முடிந்தது, ஜெபிப்போம் என்றேன், எல்லோரும் கண்ணை மூடினார்கள். அந்த ஜெபத்தை நீயே கோயிலில் சொல்லிக்காட்டினாய், நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. நாளைக் காலையில் கூட்டுரோட்டில் நிற்கப்போகிற எங்கள் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும், ரிக்கு வண்டியைக் காலனிப் பக்கம் நடத்தி வாரும், ஆபீசுக் காகிதத்தைக் கொண்டுபோகிறவர்களுக்கு ஞானம் கொடும் என்று நேரம், இடம், ஆள் எதையும் விடாமல் ஜெபித்தேன். பாதியில் நீ ஓடிவந்து, "அப்பா, மைக்கு" என்றாய். நான் திடுக்கிட்ட மாதிரி சுவிட்சைத் தள்ளினேன்.

மறுநாள், ஊரில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், நீங்கள் எல்லோரும் இருட்டு பிரியும்போதே போய் நின்றீர்கள். நானும் போனேன். கூட்டுரோட்டில் பெண்கள் குடங்களை வரிசையாய் வைத்திருந்தார்கள். உன் அம்மா அன்றைக்கென்று பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துவந்திருந்தாள். வெயில் ஏறியது, வண்டி வரவில்லை. ஒரு பையன் நாஷ்டாவுக்குப் பன் வாங்கிவந்தான், யாரும் தொடவில்லை. பத்து மணி இருக்கும், முதுகுக்குப் பின்னால் ஊர்ப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. கல்லை இரும்பு குடைகிற சத்தம். வண்டி ஏரிக்கரை வழியாய்ப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெண்கள் அவரவர் காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். பிரசிடெண்ட் இரண்டு நாள் கழித்து என்னைக் கடைத்தெருவில் பார்த்து, "இன்னா மைக்கு, உன் ஜெபம் பலிச்சிடுச்சே" என்று சொல்லிச் சிரித்தார். அங்கே ஆரம்பித்ததுதான் அந்தச் சிரிப்பு. பிறகு காலனியும் சிரித்தது. மைக்குக்காரனே மைக்கை மறந்தான் என்று சிரித்து எனக்கு மன்னிப்பும் கொடுத்துவிட்டார்கள். சிரித்து மன்னிக்கப்பட்டவன் மறுபடி வாய் திறப்பது ரொம்பக் கஷ்டம்.

உன்னோடு சேர்ந்த பையன்கள் அந்த வாரம் ஊர்ப் பம்பின் கைப்பிடியை உடைக்கப் புறப்பட்டார்கள். பிரதர் வழியை மறித்து உட்கார்ந்துகொண்டார். "அந்தத் தண்ணியக் குடிக்கிறதும் புள்ள குட்டிங்கதாண்டா" என்றார். அவருடைய டவுன் பேச்சு போய் நம் பேச்சு வந்திருந்தது. அன்றைக்கு நான் ஒன்றைப் பார்த்தேன். தோற்றபின் நிற்க அந்தப் பிள்ளைகளுக்குக் காகிதம் உதவவில்லை. அவர் அவர்களை உட்காரவைத்துப் பாடவைத்தார், அழவைத்தார், பிறகு அடுத்த மனுவை எழுதவைத்தார். எல்லாம் ஒரே இருப்பில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையே ஜெபிக்கச் சொன்னார். ஒரு வருஷம் முடிந்து அவர் போனபோது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்தேன். மரியாதைக்கு வந்தேன் என்று நினைத்திருப்பாய். அவர் நிஜமாகவே பஸ் ஏறுகிறாரா என்று பார்க்க வந்தேன். நீ பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடினாய். நான் வெளியூருக்குப் போனபோது எப்போதாவது ஓடியிருக்கிறாயா என்று யோசித்துப் பார்த்தேன்.

அடுத்த பம்பு வர மூன்று கோடை ஆயிற்று. மூன்று கோடையும் உன் அம்மா மோட்டார் கொட்டகைக்கு நடந்தாள். இரண்டாவது கோடையில், அவள் தலையிலிருந்து குடத்தை இறக்கிவைக்கக் கை கொடுத்தேன். அதற்குமுன் அப்படிச் செய்தவனல்ல நான், அந்த வருஷம் செய்ய ஆரம்பித்திருந்தேன். அவள் குடத்தை விடாமல் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "நான் முன்னாடிதான்யா குந்திக்கினு இருந்தேன். கண்ண மூடல. உன் கட்டவெரலு சுச்சு மேல போச்சு. அப்பால திரும்பி வந்துடுச்சு" என்றாள். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். புள்ளைக்கு நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை என் கையில் விட்டாள். அந்தக் குடம் அவ்வளவு கனமாய் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இதுதான் மகனே நீ சொன்ன கதையில் தப்பான இடம். நான் மறக்கவில்லை. விரல் சுவிட்சுக்குப் போனது. கண்ணைத் திறந்து கடைசி வரிசையைப் பார்த்தேன், நீங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள், ஒரு தகப்பனும் மகனும் போல. விரல் திரும்பி வந்துவிட்டது. ஊர்த் திருவிழா மைக் செட் வேலை போய்விடும் என்று பயந்து செய்தேன் என்று சொன்னாலாவது கொஞ்சம் கௌரவமாய் இருக்கும். அதெல்லாம் இல்லை. அவர் ஒரு காரியத்தில் தோற்க வேண்டும், அதை நீ பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. தண்ணீரைப் பற்றி நினைக்கவே இல்லை. என் வீட்டுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தண்ணீர் என்பது மறுநாள் அந்தப் பித்தளைக் குடத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பம்பு வந்த கதையில் எனக்கு இன்னொரு அசட்டுத்தனம் பாக்கி. உன் மனுக்களால் வந்த பம்பு அது. வந்த வருஷமே ஊர்ப் பம்பு பழுதாகி, ஊர்ப் பெண்கள் குடத்தோடு நம் காலனிக்கு வந்து தயங்கி நின்றார்கள். நான் என்ன செய்தேன்? உள்ளே ஓடி மைக்கை எடுத்துவந்தேன். வரிசையில் நிற்கிறவர்கள் எங்கே போய்விடுவார்கள், இருபது நிமிஷப் பிரசங்கத்துக்கு இதைவிட நல்ல கூட்டம் கிடைக்குமா? ஒயரை மாட்டிக்கொண்டிருக்கும்போது நீ வந்து மெதுவாய், "நைனா, மொதல்ல அவங்க கொடம் ரொம்பட்டும்" என்றாய். ரொம்ப நாளைக்கப்புறம் 'நைனா' என்றாய், அதனால்தான் விட்டேன். நீ கைப்பிடியை அடித்துக்கொடுத்தாய். ஒருத்தி போகாமல் நின்று, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூடி என்ன பாடுகிறீர்கள் என்று கேட்டாள். நீ பம்பு மேடையில் உட்கார்ந்து சொன்னாய், ஒன்றையும் ஒளிக்காமல், யார் பேரை நம்பி இருக்கிறோமோ அந்தப் பேரைச் சொன்னாய். குரல் உன்னுடையது, சொன்ன விதம் சாலமோன் பிரதருடையது. எனக்குப் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல். அவள் சபைக்கு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. சபைக்கு அனுப்புகிற ஊழிய அறிக்கையில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் அவள் கேட்டாள், நீ சொன்னாய், குடமும் நிறைந்திருந்தது.

நீ போகிற இடத்தில் உன்னை இரண்டு பக்கமும் இழுப்பார்கள். எத்தனை ஆத்துமா என்று ஒருத்தர் கேட்பார். ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தால் வயிறு நிறையுமா என்று இன்னொருத்தர் கேட்பார். எது முதலில், எது பிறகு என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. நான் நின்ற பக்கம் சரியான பக்கம்தான். சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்றுதானே சொன்னேன்? சரியான பக்கத்தில் நின்றுகொண்டுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நாளைக்கு எதிர்ப்பக்கத்திலும் என்னைப் போல ஒருத்தன் நிற்பான், ஏழைக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பிரசங்கம் நன்றாய்ப் பண்ணுகிறவனைத் தள்ளிவிடுவான். கமிட்டியில் யாராவது 'எனக்கு ஒரு பாரம்' என்று ஆரம்பித்தால், மரியாதையாய்க் கேள், அவர் கட்டைவிரலையும் பார். நீயே அப்படி ஆரம்பித்தால் உன்னுடையதைப் பார். தண்ணீரைத் தூண்டிலாக்காதே, நான் ஆக்கப் பார்த்தேன். தண்ணீர் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டும் வந்துவிடாதே. வேறு புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உன்னைவிடச் சின்னவன் ஒருத்தன் வருவான், உன் பிள்ளைகள் அவன் பின்னால் போவார்கள். அன்றைக்கு இந்தக் கடிதத்தை எடுத்துப் பார்.

சாலமோன் பிரதருக்கும் தனியாய் எழுதியிருக்கிறேன். அவர் பதில் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும், அதுதான் தொந்தரவு. உன் பதில் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. உன் அம்மா இதை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ம்" என்றாள். பிறகு காபி கொடுத்தாள்.

ஒன்று மட்டும் பாக்கி. போன ஞாயிற்றுக்கிழமை கதையை முடித்து மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீ முழங்காலில் நின்றுகொண்டு, எனக்கு இரண்டு தகப்பன்மார், இரண்டு பேரும் தலையில் கை வைக்க வேண்டும் என்றாய். நான் இடது கையை வைத்தேன். பிரதர் வந்தார். உன் தலை சின்னது, இடமில்லை. அவர் கையை என் கை மேலே வைத்தார். சூடான கை, இன்னமும் கடிகாரம் உள்பக்கம். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. ஆண்டவரே, இந்தக் கையைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லும், இவன் என் பிள்ளை என்று நெஞ்சு முழுக்க வந்து நாக்கில் நின்றது. வலது கட்டைவிரலால் சுவிட்சைத் தடவிப் பார்த்தேன். ஆனில்தான் இருந்தது. அதனால் அதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதெல்லாம் ஜெபித்தேன்.